வார்ப்புப் பிழையா இது? சோம்நாத் ஹோரின் வெண்கல மனிதர்கள்

குடந்தைக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

போன மாதம் வேலை விஷயமாக டெல்லி போயிருந்தேன். ஒரு மதியம் சும்மா கிடைத்தது, ஒரு கலைக் கண்காட்சிக்குள் நுழைந்தேன். ஓவியம், சிற்பம் பற்றியெல்லாம் படித்தவன் இல்லை. ஆனால் வெண்கலத்தோடு வளர்ந்தவன். எங்கள் வீடு சுவாமிமலைப் பக்கம். அப்பா ஐம்பது வருடமாகத் திருமேனி வார்க்கிறார். நான் மட்டும்தான் தப்பித்துக் கணக்கு எழுதப் போய்விட்டேன்.

அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வெண்கல உருவம் ஒன்று. ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். குந்தி உட்கார்ந்திருக்கிற மனிதன். மனிதன் என்று நானாகச் சொல்கிறேன். தலை இருக்கவேண்டிய இடத்தில் பிதுங்கிய ஒரு கட்டி. மார்புக்குப் பதில் சுருட்டிவிட்ட தகடு, அதில் நீளமாக ஒரு கிழிசல். கை என்பது வெறும் குச்சி. பெட்டி சுவரை ஒட்டி இருந்ததால் முதுகைப் பார்க்க முடியவில்லை. செய்தவர் சோம்நாத் ஹோர் என்று அட்டையில் போட்டிருந்தது.

படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "யாருடா வார்த்தது? பாதி ஓடவே இல்லையே. உலோகம் போற வாய்க்காலக்கூட அறுக்காம விட்டிருக்கான்."

எங்கள் பட்டறையில் இப்படி ஒன்று வந்தால் உடைத்து, உலோகம் உருக்குகிற மூசையில் மறுபடி போட்டுவிடுவார்கள். பின்னப்பட்ட திருமேனி பூஜைக்கு ஆகாது என்பது அங்கே பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அப்பா சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சிக்கல் என்னவென்றால், அந்தப் பெட்டி முன்னால் நான் இருபது நிமிடம் நின்றுவிட்டேன். ஏன் நின்றேன் என்று விளக்கத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நேர்ப்பேச்சு

விளக்க ஒன்றும் இல்லை. ஏசி நன்றாக இருந்திருக்கும்.

சரி, விளையாட்டை விடுவோம். உங்கள் அப்பா சொன்னதுதான் நேர்மையான விமர்சனம். இந்த நவீன சிற்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான். கைவேலை தெரியாததை மறைக்க 'அரூபம்', அதாவது உருவம் காட்டாத கலை, என்று ஒரு பெயர் வைத்துவிட்டார்களா?

வரைகோல்

கைவேலை தெரியாதவர் என்று சோம்நாத் ஹோரைச் சொன்னால் வங்காளத்தில் உங்களை அடிக்க வருவார்கள்.

அவர் 1921 இல் சிட்டகாங் பக்கம் பிறந்தவர். இன்றைக்கு அது வங்கதேசம். 1943 வங்கப் பஞ்சத்தின்போது ஊர் ஊராகப் போய், பட்டினியில் கிடந்தவர்களை நேரில் பார்த்து வரைந்தார். அப்படி வரையச் சொல்லித் தூண்டியவர் சித்தபிரசாத் என்ற ஓவியர். அந்த வரைபடங்கள் கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகையில் வந்தன. 1946 இல் வடவங்காளத்தில் குத்தகை விவசாயிகள் விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு கேட்டுப் போராடினார்கள். தேபாகா போராட்டம் என்பார்கள். அங்கேயும் போய் நாட்குறிப்பும் படமுமாகப் பதிவு செய்தார். மனித உடலை அச்சு அசலாக வரையத் தெரிந்த கை அது. அப்புறம் அச்சுக்கலைக்கு (கட்டையிலும் தகட்டிலும் கீறிப் படத்தை அச்செடுக்கும் கலை) போனார், டெல்லியிலும் சாந்திநிகேதனிலும் அதைச் சொல்லிக் கொடுத்தார். இந்தியாவில் அச்சுக்கலை என்று ஒரு துறை நிமிர்ந்து நின்றதில் அவர் பங்கு பெரியது.

வெண்கலத்துக்கு வந்தது 1974 வாக்கில்தான். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஆக, தெரியாததால் இப்படிச் செய்தார் என்ற வாதம் நிற்காது. தெரிந்ததை எல்லாம் ஏன் கைவிட்டார் என்று கேளுங்கள், அது கேள்வி.

மூசை

நான் வார்ப்பாலையில் வேலை பார்த்தவன். எங்கள் உலகம் பம்பு, வால்வு. சிற்பம் இல்லை. இருந்தாலும் குடந்தைக்காரன் அப்பா சொன்ன இரண்டு குறையையும் தொழில் கண்ணால் பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது.

சுவாமிமலை முறையில் என்ன செய்வார்கள்? தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, உருவத்தை மெழுகில் முழுதாகச் செய்துகொள்வார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணை மெல்லப் பூசி, அப்புறம் தடித்த மண் பூசி, காயவைத்துச் சூடு காட்டினால் மெழுகு வெளியேறிவிடும். அந்தக் காலி இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். பெரும்பாலும் கனவார்ப்பு, உள்ளே பொள்ளல் இருக்காது. நிறைய உலோகம், மெதுவாக ஆறும், எல்லா மூலைக்கும் ஓடும்.

ஹோர் செய்தது வேறு. மெழுகைத் தகடாகத் தட்டிக்கொண்டு, வெட்டி, மடித்து, சுருட்டி, கிழித்து, குச்சிகளை ஒட்டி உருவம் கட்டினார். படங்களைப் பார்த்தாலே தெரிகிறது. தகடு திறந்தே கிடப்பதால் உள்மண் வைக்க வேண்டாம், மண் இரண்டு பக்கமும் தானே போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் உலோகம் ஓடுகிற சந்து மிக மெல்லியது. மெல்லிய சந்தில் வெண்கலம் பாதி வழியிலேயே உறைந்துவிடும். இது வார்ப்புக்காரனின் தீராத தலைவலி. அதைத் தவிர்க்க நிறைய வாய்க்கால் வைத்துப் பல இடத்திலிருந்து உலோகத்தைக் கொடுக்கவேண்டும். எங்கள் பாஷையில் ரன்னர். ஆறியபின் அதையெல்லாம் அறுத்து, அரம் போட்டு, இருந்த தடமே தெரியாமல் செய்வோம்.

இவர் அவற்றில் சிலவற்றை அறுக்காமலே விட்டார். சில இடத்தில் அது விலா எலும்பு மாதிரி நிற்கிறது, சில இடத்தில் கை மாதிரி. உலோகம் உள்ளே வந்த வழியே உறுப்பாகிவிட்டது. பிழை என்று சொல்லுங்கள், ஆனால் கவனக்குறைவு என்று சொல்லாதீர்கள். இவ்வளவு மெல்லிய தகடு நிற்கும்படி வார்ப்பதற்கே கை பழகியிருக்கவேண்டும்.

நேர்ப்பேச்சு

கஷ்டப்பட்டுச் செய்தார் என்பது ஒரு தகுதியா? கஷ்டப்பட்டுச் சமைத்த உப்பில்லாத சாம்பார் உப்பில்லாததுதான்.

வரைகோல் சொன்னதையே எடுத்துக்கொள்வோம். பஞ்சம், போராட்டம், எல்லாம் உண்மை. ஆனால் அதெல்லாம் உங்கள் தலைக்குள் இருக்கிறது, அந்த உலோகத்துக்குள் இல்லை. அட்டையை எடுத்துவிட்டு, பெயரை மறைத்துவிட்டு, ஒரு பழைய இரும்புக்கடையில் அந்த உருவத்தை வையுங்கள். எத்தனை பேர் நிற்பார்கள்?

குடந்தைக்காரன்

நான் நின்றேனே. அட்டையைப் பார்த்தது கடைசியில்தான். பஞ்சத்தைப் பற்றி இந்த இழையில்தான் தெரிந்துகொள்கிறேன்.

இரவுப்பணி

இந்தக் களத்தில் அதிகம் எழுதுவதில்லை, படிப்பதோடு சரி. நான் செவிலியர். இருபத்திரண்டு வருட வேலை.

இணையத்தில் தேடி அவருடைய வெண்கலங்களின் படங்களைப் பார்த்தேன். எனக்கு எந்த அட்டையும் தேவைப்படவில்லை. மாதக்கணக்கில் படுக்கையில் கிடப்பவர்களுக்கு முதுகிலும் இடுப்பிலும் புண் வரும். முதலில் தோல் சிவக்கும், அப்புறம் திறக்கும். திறந்தபின் விளிம்பு உள்பக்கமாக மடிந்துகொள்ளும். புதிதாகப் பார்ப்பவர்கள் நடுவிலிருக்கும் குழியைத்தான் பார்ப்பார்கள், நாங்கள் விளிம்பைப் பார்ப்போம். ஆறுமா ஆறாதா என்பது விளிம்பில் தெரியும். அந்த வெண்கலத்தில் கிழிசலின் விளிம்பு அப்படியே இருக்கிறது. இந்த மனிதர் ஏதோ ஒரு புண்ணை வெகுநேரம் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார் என்று மட்டும் எனக்குத் தோன்றியது.

வரைகோல்

அம்மா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத ஓடவில்லை. ஏனென்றால் வெண்கலத்துக்கு வருவதற்குச் சற்று முன்னால், 1970களின் தொடக்கத்தில், அவர் ஓர் அச்சு வரிசை செய்தார். அதன் பெயரே 'காயங்கள்'. மை கிடையாது, நிறம் கிடையாது. களிமண் பலகையைக் கத்தியால் கீறி, குத்தி, சூடு வைத்து, அதிலிருந்து அச்சு எடுத்து, அதில் காகிதக் கூழை வார்த்துக் காயவைத்தார். வெள்ளைக் காகிதத்தில் வெள்ளைக் காயம். மேடு பள்ளம் மட்டும்தான், வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால்தான் தெரியும். மனித உருவமே அங்கே இல்லை, தோல் மட்டும் இருக்கிறது.

அந்தத் தோலைத்தான் பிறகு மெழுகுத் தகடாக எடுத்து மடித்து நிறுத்தினார் என்று நான் நினைக்கிறேன். அதனால்தான் அவருடைய மனிதர்களுக்கு உள்ளே சதை இல்லை. பொதுவாகச் சிற்பி உள்ளிருந்து வெளியே வருவார், எலும்பு, சதை, தோல் என்று. இவர் தோலில் ஆரம்பித்துத் தோலிலேயே முடித்துவிட்டார்.

திருவாலங்காட்டாள்

'நம் மரபில் முழுமைதான் அழகு, பின்னம் ஆகாது' என்று எல்லோரும் பேசிக்கொண்டே போகிறீர்கள். காரைக்காலம்மையாரை மறந்துவிட்டீர்களா?

வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த வயிறு, எண்ணிவிடக்கூடிய விலா எலும்பு, கையில் தாளம். சோழர் காலச் சிற்பிகள் பட்டினி உடலைக் கல்லிலும் வெண்கலத்திலும் செய்திருக்கிறார்கள். கங்கைகொண்டசோழபுரத்தில் ஆடுகிற இறைவனின் காலடியில் அம்மை உட்கார்ந்திருக்கிறார், போய்ப் பாருங்கள். பேய்வடிவத்தின் அடையாளங்களை அவரே தன் பதிகத்தில் வரிசையாகச் சொல்லிவிட்டார், சிற்பி அதை வார்த்தார், அவ்வளவுதான்.

ஆகவே வங்காளத்துக்காரர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

மூசை

அருமையான ஒப்பீடு. ஆனால் ஒன்று கவனியுங்கள். அம்மையாரின் எலும்பு தெரிகிறதே தவிர உலோகம் முழுசு. மேற்பரப்பு வழவழப்பு. எங்கேயும் ஓட்டை இல்லை. மெலிந்த உடலை நலிவில்லாத வார்ப்பில் செய்திருக்கிறார்கள்.

ஹோர் வார்ப்பையே நலிய வைத்தார்.

வரைகோல்

இன்னொன்றும் உண்டு. அம்மையார் அந்த உருவத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டவர். அழகை உதறிவிட்டுப் பேய்வடிவம் வேண்டும் என்றார், கிடைத்தது, அதோடு கைலாயம் போனார். அந்த முகத்தில் ஓர் ஆனந்தம் இருக்கும். 1943 இல் கல்கத்தாத் தெருவில் கஞ்சித்தண்ணீர் கேட்டு விழுந்து செத்தவர்கள் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. வங்காளம் முழுவதும் செத்தவர்கள் இருபது, முப்பது லட்சம் பேர். அவ்வளவும் விளைச்சல் குறைந்ததால் மட்டும் நடந்ததில்லை. போர்க்கால விலையேற்றமும், பதுக்கலும், அன்றைய அரசாங்கத்தின் அலட்சியமும் சேர்ந்து நடந்தது. அந்த உடலுக்கு அம்மையாரின் முழுமையைக் கொடுத்தால் பொய்யாகிவிடும்.

திருவாலங்காட்டாள்

இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'புதிதல்ல' என்ற என் முதல் வார்த்தையை முழுசாகத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன். பட்டினி உடலைப் பார்க்கப் பழகிய கண் நமக்கு முன்பே இருந்தது. குடந்தைக்காரன் இருபது நிமிடம் நின்றது அதனால்தானோ என்னவோ.

நேர்ப்பேச்சு

இப்போது எனக்கு ஒரு சந்தேகம். இது அரூபம்தானா? புண், விலா, பட்டினி என்று எல்லோரும் அடையாளம் கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறீர்கள். எல்லாமே அடையாளம் தெரிகிறது என்றால் அது உருவச்சிலைதானே?

(கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்கிறேன்.)

வரைகோல்

நல்ல கேள்வி. என் பதில், 'அரூபம்' என்ற சொல்லை நாம் தவறான பக்கத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்பது.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் திருவாலங்காட்டு நடராசரைப் பாருங்கள். காலை மடக்கித் தூக்கியிருக்கிறார், தொடையில் தசை புடைக்கிறதா? கழுத்தெலும்பு எங்கே? முழங்கால் மூட்டு எங்கே? உடல் முழுவதும் ஒரே மூச்சில் ஊதிய மாதிரி இருக்கும். பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாளம் என்று உயரத்தை 124 பங்காகப் பிரித்து, மூக்கு இவ்வளவு, நாபி இங்கே என்று ஓலையை மடித்து அளந்து செய்கிறார்கள். எந்த மனித உடலும் அந்தக் கணக்கில் வராது. நாம் தினம் பார்த்துப் பழகியதால் அது 'உருவம்' ஆகிவிட்டது. உண்மையில் அதுவும் மனித உடலிலிருந்து வெகுதூரம் போனதுதான். பிரெஞ்சுச் சிற்பி ரோதான் இந்த நடராசரைப் புகைப்படத்தில் பார்த்தே உருகி எழுதியிருக்கிறார், 1921 இல் அச்சில் வந்தது.

மெரினாவில் உழைப்பாளர் சிலை வேறு வகை. பாறையை நெம்பும் நான்கு பேர், ஒவ்வொரு தசையும் தெரியும். அதுவும் வெண்கலம், 1959 இல் வைத்தார்கள். செய்தவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி, அவரும் வங்காளி, நம் சென்னை ஓவியப் பள்ளிக்கு முதல்வராக இருந்தவர். உழைப்பவனுக்கு உடல் உண்டு என்று அது காட்டுகிறது. ஹோருக்கோ, உழைத்த உடலில் மிச்சம் என்ன என்பதைத்தான் காட்டவேண்டியிருந்தது. இரண்டும் வங்காளிகளின் ஒரே நூற்றாண்டு வெண்கலம் என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

கரையோரம்

கேட்கவேண்டும் என்று இருந்தேன். தமிழ்நாட்டில் இந்த மாதிரி யாரும் செய்யவில்லையா? எப்போதும் வங்காளம்தானா?

வரைகோல்

செய்தார்கள், ஆனால் வேறு வழியில். ராய் சௌத்ரியிடம் படித்த சிற்பி தனபாலைச் சொல்லலாம், அவரே ஒரு தலைமுறைச் சிற்பிகளை உருவாக்கினார். பி. வி. ஜானகிராம் செப்புத் தகட்டை அடித்து, வெட்டி, பற்றவைத்துச் செய்தார். அவருடைய உருவங்கள் முன்னாலிருந்து பார்ப்பதற்கானவை. மூலவருக்குச் சாத்தும் வெள்ளிக் கவசத்தை நினைத்துக்கொண்டு பாருங்கள், புரிந்துவிடும். சோழமண்டலத்தில் நந்தகோபால் அந்த வழியில் இன்னும் போனார். கே. சி. எஸ். பணிக்கர் 1966 இல் ஆரம்பித்த கலைஞர் கிராமம் அது, நந்தகோபால் அவர் மகன். ஈஞ்சம்பாக்கம் போனால் பார்க்கலாம்.

இவர்களிடம் அலங்காரம் உண்டு, நகை உண்டு, கோயில் உண்டு. ஹோரிடம் அதெல்லாம் இல்லை. வங்காளத்திலேயே மீரா முகர்ஜி இன்னொரு பாதை. ஜெர்மனியில் படித்துவிட்டு வந்து, பஸ்தர் பழங்குடி வார்ப்புக்காரர்களிடம் உட்கார்ந்து மெழுகு நூல் சுற்றும் முறையைக் கற்றார். அவருடைய மனிதர்கள் மேல் அந்த நூல்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அவருக்குத் தனி இழை வேண்டும்.

சட்டம்பி

கொஞ்சம் திசைமாறுகிறேன், மட்டுறுத்துநர் மன்னிக்க. நவீன வெண்கலத்தைக் குப்பை என்று நினைப்பது தனிமனிதர்கள் மட்டும் இல்லை. டெல்லியில் அரசு மாநாட்டு மண்டபமான விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் என்ற சிற்பி ஒரு பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பம் செய்தார். 140 அடி நீளம், 40 அடி உயரம், கிராமத்து இந்தியாவின் வாழ்க்கை. 1979 இல் கட்டடத்தைப் புதுப்பிக்கிறோம் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள், பகுதிகள் சிதைந்தன, காணாமலும் போயின. 1992 இல் வழக்குப் போட்டார். 2005 இல் டெல்லி உயர் நீதிமன்றம், எஞ்சியதை அவரிடமே கொடுத்து 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் கொடுங்கள் என்றது. பதிப்புரிமைச் சட்டம் 57ஆம் பிரிவு. விற்றபிறகும் படைப்பின்மேல் படைப்பாளிக்கு ஒரு தார்மீக உரிமை இருக்கிறது என்பதற்கு இன்றும் எடுத்துக்காட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான்.

அரசாங்கத்தின் கண்ணிலும் அது 'பின்னமான திருமேனி'யாகத்தான் தெரிந்திருக்கிறது.

வரைகோல்

ஹோருக்கு நடந்தது இன்னும் கொடுமை. வியட்நாம் மக்களின் நினைவாக ஒரு தாயும் சேயும் செய்தார், அவருடைய பெரிய வெண்கலங்களில் ஒன்று. 1977 இல் சாந்திநிகேதனின் கலைப் பள்ளியான கலாபவனத்திலிருந்தே அதைத் திருடிவிட்டார்கள். திரும்பக் கிடைக்கவே இல்லை.

மூசை

மெழுகிலேயே நேராகச் செய்தது என்றால், உருகியதோடு மூலமும் போய்விடும். அச்சு இல்லை. இன்னொன்று வார்க்க வழியில்லை. எங்கள் வால்வு என்றால் மாதிரிக் கட்டையை எடுத்து மறுநாளே போட்டுவிடுவோம்.

எடைக்குப் போட்டு உருக்கியிருப்பார்களோ என்று நினைக்கத்தான் வயிற்றைப் பிசைகிறது.

நேர்ப்பேச்சு

அட்டை இல்லாமல் இரும்புக்கடையில் வைத்தால் என்று நான் மேலே எழுதினேன். அப்போது இந்தத் திருட்டு எனக்குத் தெரியாது. அந்த வரியைப் படிக்க இப்போது எனக்கே நன்றாக இல்லை. அழிக்க மாட்டேன், இருக்கட்டும்.

ஆனாலும் என் கருத்து பெரிதாக மாறவில்லை. செவிலியர் அம்மா சொன்னது மனதைத் தொட்டது. அதற்காகப் புண்ணைப் புண்ணாகக் காட்டிவிட்டாலே சிற்பம் ஆகிவிடுமா என்ற கேள்வி எனக்கு அப்படியே நிற்கிறது. எனக்குப் பிடித்தது நடராசர்தான்.

இரவுப்பணி

பிடிக்கவேண்டும் என்று யார் சொன்னது தம்பி? எனக்கும் அதை வீட்டில் வைத்துக்கொள்ளப் பிடிக்காது.

குடந்தைக்காரன்

பத்து நாளாகப் பதில் போடாததற்கு மன்னிக்கவும், ஊருக்குப் போயிருந்தேன். இழை முழுவதையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பஞ்சம், காரைக்காலம்மையார் எல்லாவற்றுக்கும் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தார். அமர்நாத் சேகல் கதையில் 5 லட்சத்துக்குச் சிரித்தார். மூசை எழுதிய பகுதி வந்ததும் நிறுத்தச் சொல்லி மறுபடி படிக்கச் சொன்னார்.

அப்புறம் எழுந்துபோய், மீந்த மெழுகைச் சப்பாத்திக் கட்டையால் உருட்டித் தகடாக்கிக் கொஞ்சம் சுருட்டிப் பார்த்தார். நிற்கவில்லை, வெயிலில் தொங்கிவிட்டது. குங்கிலியத்தைக் கூட்டி இன்னொன்று. அது நின்றது. எவ்வளவு கனம் இருக்கும் என்று கேட்டார், இரண்டு நூல் (கால் அங்குலம்) இருக்கலாம் என்றேன், "இருக்காது, ஒரு நூல்தான்" என்றார். படத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லி, கிழிசலைச் சுற்றி விரலை ஓட்டிக்கொண்டே வந்து, தோள் பக்கம் நின்றுவிட்டார்.

"இந்தப் பக்கத்திலேர்ந்து ஓடியிருக்க முடியாது. முதுகுலதான் உலோகம் ஊத்துற வாய் வச்சிருக்கான். முதுகு எங்கடா?"

என்னிடம் முன்பக்கப் படம் மட்டும்தான் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் இல்லாமல் சுற்றிவந்து எடுத்த படம், எந்த உருவமானாலும் சரி, யாரிடமாவது இருந்தால் போடுங்கள். தினமும் கேட்கிறார்.